கை தூக்க முடியவில்லையா? தோள் இறுக்கத்துக்குப் பயிற்சியே மருந்து

(நமது அறக்கட்டளையின் மருத்துவ முகாமில் பிசியோதெரபிஸ்ட் சகோதரர் ஆற்றிய உரை)

 

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தோள் வலி பார்க்கிற எனக்கு, என் அம்மாவின் தோள் வலி ஐந்து மாதம் தெரியாமலே இருந்தது. கேட்டால், "வாய்வுப் பிடிப்பு கண்ணு, தைலம் போட்டிருக்கேன்" என்பார்கள். ஒருநாள் மக்ரிப் தொழுகையில் தக்பீர் சொல்லும்போதுதான் பார்த்தேன். இடது கை தோள் வரை வந்தது. வலது கை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. தலை வாரவே முடியாமல் பல நாளாகச் சிரமப்பட்டிருக்கிறார்கள்.

இதற்கு 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்று பெயர். 1934-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் வைத்த பெயர். தோள் மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அது வீங்கி, தடித்து, சுருங்கிவிடும். முதலில் வலி அதிகம், இரவில் தூக்கம் வராது. பிறகு வலி குறைந்து இறுக்கம் கூடும். கடைசியில் மெல்ல இளகும். மொத்தத்தில் ஒன்று முதல் மூன்று வருடம் வரை ஆகலாம். 40 முதல் 60 வயதில், பெண்களுக்கு அதிகம் வருகிறது.

முக்கியமான செய்தி இது. பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது என்றால், சர்க்கரை நோயாளிகளில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது. தைராய்டு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை ஏறிக் கிடந்தது. அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தோள்தான் காட்டிக் கொடுத்தது.

இனி பயிற்சிகள். முதலில் 10 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம். வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

ஒன்று: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கிற கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கடிகாரப் பெண்டுலம் போல முன்னும் பின்னும், பிறகு வட்டமாகவும் பத்து முறை ஆட்டுங்கள்.

இரண்டு: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த வாரம் கோடு உயருகிறதா பாருங்கள்.

மூன்று: மல்லாந்து படுத்து, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வையுங்கள். இரு கையிலும் ஒரு குச்சியைப் பிடித்து, நல்ல கையால் மற்ற கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள்.

நான்கு: முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து, மேலே இருக்கும் நல்ல கையால் கீழே இருக்கும் கையை மெல்ல இழுங்கள்.

தினமும் இரண்டு வேளை செய்தால் போதும். இழுவை தெரியலாம், சுளீரென்ற வலி கூடாது. செய்து முடித்தும் வலி நெடுநேரம் நின்றால் அளவைக் குறையுங்கள். வலி மிகுந்த ஆரம்ப கட்டத்தில் முதல் பயிற்சியோடு நிறுத்துங்கள். யாரிடமும் கையைக் கொடுத்து முறுக்கிச் சொடுக்கு எடுக்காதீர்கள். தோளில் ஊசி போடுவதாக இருந்தால் சர்க்கரை இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றும்.

விழுந்து அடிபட்டபின் கை தூக்க முடியாவிட்டாலும், காய்ச்சலோடு தோள் வீங்கினாலும் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு அடைப்பு, வியர்வையோடு தோள் வலித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம் கோவை அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு.

அம்மாவுக்கு எட்டு மாதம் ஆனது. இன்று இரண்டு கையும் தோள் வரை சேர்ந்து உயருகிறது, அல்ஹம்துலில்லாஹ். நம் தாய்மார்கள் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்று இஷா தொழுகையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைகளைக் கவனியுங்கள்.