தீயை எழுதுவது எப்படி?

(கதை எழுதத் தொடங்கியிருக்கும் தொழிலாளித் தோழர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



போன மாதம் ஒரு மில் தொழிலாளித் தோழர் தாம் எழுதிய கதையை என்னிடம் கொடுத்தார். பண்ணையாரின் அடியாட்கள் ஒரு கூலிக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்கிறார்கள். பதினொரு பக்கக் கதையில் அந்தக் கொடுமை மட்டும் நாலு பக்கம். சேலை கிழிந்ததிலிருந்து ஒன்று விடாமல் எழுதியிருந்தார். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் என்ன கூலி கேட்டாள், மறுநாள் என்ன செய்தாள் என்பதும் இல்லை.

“தோழரே, நடவுக்குப் போகும் பெண்கள் நடுவில் உட்கார்ந்து இதை உரக்கப் படிப்பீர்களா?” என்று கேட்டேன். அவர் தலை குனிந்தார். பிறகு, “கொடுமையைக் கொடுமையாக எழுதினால்தானே ஜனங்களுக்குக் கோபம் வரும்?” என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று பேசுகிறேன்.

மூடி மறைக்கலாமா?

கூடவே கூடாது! தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடி இருந்தது, சாணிப்பால் இருந்தது. 1940-களில் சங்கம் கட்டிப் போராடித்தான் விவசாயத் தொழிலாளர்கள் அவற்றை ஒழித்தார்கள். இதை எழுதாமல் விட்டால் லாபம் யாருக்கு? அடித்தவனுக்குத்தான். ஆகவே, எழுதலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. யார் பக்கம் நின்று, எதற்காக, எவ்வளவு எழுதுவது என்பதே கேள்வி.

வெண்மணியும் ஒரு நாவலும்

1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு சின்னஞ்சிறு குடிசைக்குள் உயிருக்கு அஞ்சி ஒளிந்தவர்கள் 44 பேர் தீயில் மாண்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அன்று மாலை நடந்த மோதலில் மிராசுதார் பக்கத்து ஆள் ஒருவர் இறந்ததும் உண்மை. நாம் அதையும் மறைக்கக் கூடாது. மறைத்து எழுதுகிறவன் தன் கதையைத் தானே பலவீனப்படுத்துகிறான்.

அந்தத் தீ எங்கிருந்து வந்தது? கூடுதலாகக் கேட்ட அரைப்படி நெல்லிலிருந்து வந்தது. செங்கொடியை இறக்க மறுத்ததிலிருந்து வந்தது. சேரி ஜனங்கள் நிமிர்ந்து நின்றதைப் பொறுக்காத சாதித் திமிரிலிருந்து வந்தது.

1975-ல் இந்திரா பார்த்தசாரதி இதை வைத்துக் ‘குருதிப்புனல்’ நாவலை எழுதினார். 1977-ல் அதற்கு சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. வெண்மணியை ஏராளமான வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது அந்த நாவல். அந்தப் பெருமையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் பண்ணையாரின் ஆண்மைக் குறை பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மனிதனின் உடற்குறையே தீக்குக் காரணம் என்றால், அதற்கு ஒரு வைத்தியர் போதுமே! சங்கம் எதற்கு? நல்ல ஆரோக்கியமுள்ள மிராசுதார் அரைப்படி நெல்லைக் கொடுத்திருப்பாரா?

கொலைகாரனின் மனதை ஆராயக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக ஆராயலாம். ஆனால் அவன் மனதைத் தோண்டும்போது நிலமும் கூலியும் சாதியும் கண்ணிலிருந்து மறைந்தால், செத்தவர்களின் நியாயம் இரண்டாம் முறை எரிகிறது.

கீழ்க் கோர்ட்டு மிராசுதார்களைத் தண்டித்தது. உயர் நீதிமன்றமோ, இவ்வளவு வசதி படைத்தவர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்தைச் சொல்லி அவர்களை விடுதலை செய்தது. கோர்ட்டில் கிடைக்காத நியாயத்தை ஜனங்கள் கதையிலும் பாட்டிலும் தேடுகிறார்கள். நம் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று பாருங்கள்!

கவனித்தீர்களா? அந்தக் குடிசைக்குள் நடந்ததாகச் சொல்லப்படும் கொடுமைகளை நான் அடுக்கவில்லை. ஆயினும் உங்கள் கண்கள் கலங்கிவிட்டன. அரைப்படி நெல் என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

கேட்டு எழுதுங்கள்

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுத நினைத்த ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போனார். தொழிலாளர்களிடம் பேசினார், கேட்டார். பிறகுதான் 1979-ல் ‘கரிப்பு மணிகள்’ வந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாம் வேலை செய்யும் இடமே நம் கதை நடக்கும் இடம். ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே ஜாக்கிரதையும் அதிகம் வேண்டும். அடிபட்டவர் உயிரோடு இருக்கிறார். அதே தெருவில்தான் நடக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் அவர் காயத்தைக் கதையாக்காதீர்கள். சம்மதித்தாலும் பேரையும் ஊரையும் மாற்றுங்கள். எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டுங்கள். “இது வேண்டாம்” என்று அவர் சொன்னால் அடித்துவிடுங்கள். ஒரு வரி போவதால் கதை செத்துவிடாது.

இன்னொன்று. ரத்தத்தை விற்கும் வியாபாரம் நாட்டில் அமோகமாக நடக்கிறது. கிழிந்த சேலையைப் படம் போட்டுக் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் கதையில் ஒரு வரி எழுதும்போது, இதைப் படிப்பவன் கோபப்படுவானா, ரசிப்பானா என்று கேளுங்கள். ரசிக்க இடம் கொடுக்கும் வரி எதிரிக்கு உதவும் வரி!

வெண்மணி நினைவிடத்தில் மாண்டவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் ஜனங்கள் அங்கே திரள்கிறார்கள். தீயின் உயரத்தை அங்கே யாரும் அளந்து வைக்கவில்லை. பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த மில் தோழர் கதையைத் திருத்திக்கொண்டு வந்தார். நாலு பக்கம் நாலு வரியாகியிருந்தது. களத்துக் கொட்டகையின் கதவு சாத்தப்படுகிறது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு இப்போது பெயர் இருக்கிறது. கேட்ட கூலி இருக்கிறது. மறுநாள் காலையில் அவள் வரப்பில் வந்து நிற்கிறாள். அவளைப் பார்த்த மற்றப் பெண்கள் நாற்றுமுடியைக் கீழே வைத்துவிட்டு, வயலில் இறங்க மறுக்கிறார்கள்.

அதை அவர் பெண்கள் நடுவிலேயே உரக்கப் படித்தார், தோழர்களே. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு கிழவி மட்டும் கேட்டாள்: “அப்புறம் என்னாச்சு தம்பி?”

அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகத்தான் நாம் எழுதுகிறோம். எழுதுங்கள்!