சீடர் என்றால் படிப்பவர்



கிறிஸ்தவ விசுவாசத்தையும் நம் அன்றாட வாழ்வையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்: சீடர். நற்செய்திகள் எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குக் கற்றுக்கொள்பவர் என்பதுதான் பொருள். தமிழிலும் சீடர் என்றால் மாணாக்கர். முழந்தாளிடுவது, தேர் இழுப்பது எல்லாம் பிறகு. முதலில் படிப்பு.

இந்தச் சொல்லை நம் மண்ணில் வைத்துப் பாருங்கள். 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அதில் ஒன்று: பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மாடுதான் மேய்க்க வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் சாதி பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இப்போது ஓர் உபதேசியாரை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் சட்டை, கையில் குடை, கக்கத்தில் ஞானோபதேசப் புத்தகம். மூன்றுமே தடைப் பட்டியலில் உள்ளவை. மாதத்துக்கு ஒருமுறை சாமியார் வந்தாலே பெரிது என்றிருந்த ஊர்களில் சாவுக்கு ஜெபம் சொன்னவர், மனு எழுதிக் கொடுத்தவர், பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். திருச்சபை வரலாறு ஆயர்களின் பெயரை எழுதியது. உபதேசியார் பெயர் கல்லறைச் சிலுவையில்கூட நிலைக்கவில்லை. ஊழியம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அவர்தான்.

திருவாடானைப் பக்கம் போனால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம். அவர் பண்டாரசாமியாக வாழ்ந்தவர். பிராமண சந்நியாசி முறையில் இருந்த குருக்கள் நம் மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியாது; பண்டாரசாமிக்கு அது முடியும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஏற்பாடும் சாதிக்கு ஏற்றபடி குருக்களைப் பிரித்ததே தவிர, சாதியைக் கேள்வி கேட்கவில்லை. சேரிக்குள் சாமியார் வந்தார். சேரி சேரியாகவே இருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் பாமா. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மடத்துக்குள்ளும் சாதியைக் கண்டு வெளியே வந்தார். 1992இல் ‘கருக்கு’ வந்தது. விசுவாசத்தை இழந்தவரின் புத்தகம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேதத்தைத் தானே படித்து, படித்ததையும் பார்த்ததையும் ஒப்பிட்ட ஒருவரின் புத்தகம் அது. நான் முதலில் சொன்ன பொருளில் அவர் சீடர்.

படித்த பிள்ளைக்கு அடுத்த சோதனை தாலுகா ஆபீசில். 1950 ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்றது. சீக்கியரை 1956இல் சேர்த்தார்கள், பௌத்தரை 1990இல். கிறிஸ்தவர் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் நம் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிடுகிறார்கள். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் உண்டு. பிரசங்க மேடையிலிருந்து இதைப் பொய் என்று கண்டிப்பது சுலபம். கண்டிக்கிறவருக்கு அந்த வரிசையில் நிற்க வேண்டிய தேவை இல்லை. வேலைக்காக விசுவாசத்தை மறைப்பதா, விசுவாசத்துக்காக வேலையை இழப்பதா என்று ஒரு தாய் இரவில் யோசிக்கிறாளே, அன்றாட வாழ்வில் சீடத்துவம் என்பது அங்கேதான் நடக்கிறது. அவளுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்?

ஒரு வேலை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் பங்கில் அதை என்றாவது வாசித்தார்களா? வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் ஒரு பிரதி கேளுங்கள். கிடைத்தால் தெருவில் நாலு பேரைக் கூட்டி உரக்கப் படியுங்கள். கல்லறைத் தோட்டம், பங்குப் பேரவை, திருவிழா மண்டகப்படி என்று ஒவ்வொன்றாக எடுத்து, நம் ஊரில் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். பென்சில் போதும்.