ஓடும் பொறியை இடம் மாற்றுதல்

 

இலக்கியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருந்தால் நமக்கும் எளிதாயிருந்திருக்கும், கேட்போருக்கும் இனிதாயிருந்திருக்கும். அவர் பணித்ததோ வேறு. நம் காலனியின் மூத்த தாயார் ஒருவர் சென்ற பொங்கலன்று ஒரு கேள்வி கேட்டார். "பானை பொங்கும் நேரத்திலும் என் பேரன் கணிப்பொறியை விட்டு எழவில்லை. 'பாட்டி, ஒரு மெஷினை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறேன், நடுவில் எழ முடியாது' என்கிறான். நாற்காலியை விட்டு அசையாதவன் எதை எங்கே மாற்றினான்?" அக்கேள்விக்கு விடை கூறுதலே இவ்வுரையின் நோக்கம்.

நம் முன்னோர் பலர் கிர்க்கித் தொழிற்சாலைகளிலும் இராணுவக் கணக்கு அலுவலகங்களிலும் பணியாற்ற இந்நகருக்கு வந்தனர். அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பது வீட்டாருக்குத் தெரியும். ஹிஞ்சவடிக்கும் கராடிக்கும் நாள்தோறும் சென்றுவரும் பிள்ளைகளின் வேலையோ வீட்டாருக்குப் புரிவதில்லை. புரியும்படி அவர்களும் சொல்வதில்லை. ஆயினும் புனே நகர் இத்துறைக்குப் புதியதன்று. 1988இல் இங்கு நிறுவப்பெற்ற சி-டாக் நிறுவனம் 1991இல் 'பரம் 8000' என்னும் மீக்கணினியை உருவாக்கியது. 2015இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் 'மத்திய இந்தியா' தரவு மையப் பகுதியை இந்நகரிலேயே திறந்தது. அத்தகைய மையங்களில் வரிசை வரிசையாக நிற்கும் பெரும்பொறி ஒவ்வொன்றும், தனக்குள் பல சிறு பொறிகள் இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கும். ஒன்றில் வங்கிக் கணக்கு ஓடும். மற்றொன்றில் மருத்துவமனைப் பதிவேடு ஓடும். இவற்றை மெய்நிகர் பொறிகள் என்கிறோம்.

பெரும்பொறி பழுதுபட்டால், அல்லது பழுதுபடும் அறிகுறி தோன்றினால், அதனுள் வாழும் மெய்நிகர் பொறிகளை வேறொரு பெரும்பொறிக்குக் குடியேற்ற வேண்டும். நாம் வீடு மாறும்போது ஒரு நாள் அடுப்பை அணைத்துவிடுகிறோம். சாமான்களை டெம்போவில் ஏற்றுகிறோம். உணவை ஓட்டலில் முடித்துக்கொள்கிறோம். இங்கு அவ்விதம் இயலாது. அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். குடும்பமும் வீடு மாறிவிட வேண்டும்.

இதனை விளக்க ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் வியாபாரம் செய்துகொண்டே இருக்கிறார். அவருடைய பேரேட்டை ஒரு குமாஸ்தா முதற்பக்கம் தொடங்கிப் படியெடுத்துப் புதுக் கடைக்கு அனுப்புகிறார். நூறாம் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கையில், கடைக்காரர் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டி ஒருவர் கணக்கில் எண்பது ரூபாய் வரவு வைக்கிறார். புதுக் கடைக்குச் சென்ற பன்னிரண்டாம் பக்கம் அக்கணமே பொய்யாகிவிட்டது! ஆகவே, படியெடுப்பதைக் காட்டிலும் பெரிய வேலை ஒன்று உண்டு. எடுத்த பிறகு எந்தெந்தப் பக்கம் மாறியது என்பதைத் தவறாமல் அறிதலே அது.

கணிப்பொறியின் நினைவகமும் பக்கங்களாகவே பகுக்கப்பட்டுள்ளது. பெரும்பாலும் ஒரு பக்கம் 4,096 பைட் கொண்டது. 16 ஜிகாபைட் நினைவகத்தில் 41,94,304 பக்கங்கள் உள. மாறிய பக்கத்தை ஆங்கிலத்தில் 'அழுக்குப் பக்கம்' என்பர். அப்பெயர் நமக்கு உவப்பாயில்லை. 'தொட்ட பக்கம்' என்போம். ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரே ஒரு புள்ளியாக அடையாளப் பட்டியல் வைத்தால், மேற்கூறிய பக்கங்கள் அனைத்திற்கும் 512 கிலோபைட் போதும்.

புள்ளி வைப்பவர் யார்? மேற்பார்வை மென்பொருள் எல்லாப் பக்கங்களுக்கும் முத்திரையிட்டுவிடுகிறது. முத்திரையிட்ட பக்கத்தைப் படிக்கலாம்; எழுத முயன்றாலோ செயலி நின்று மேற்பார்வையாளனை அழைக்கும். அவன் புள்ளியிட்டு, முத்திரையை உடைத்து, எழுத விடுகிறான். ஒவ்வோர் அழைப்பிலும் காலம் வீணாகிறது. ஆதலின், செயலியே தொட்ட பக்கங்களின் முகவரிகளைத் தானாகக் குறித்துவைக்கும் வசதியை இன்டெல் நிறுவனம் செய்தளித்தது. 512 முகவரிகள் நிரம்பிய பின்னரே மேற்பார்வையாளன் அழைக்கப்படுவான். லினக்ஸின் கேவிஎம் மென்பொருள் 2015இல் இதனை ஏற்றது. கேவிஎம் வளர்ச்சியில் நம் புனே நகரத்துப் பொறியாளர்க்கும் பங்கு உண்டு என்பதை இங்குப் பெருமையுடன் குறிப்பிடலாம்.

இவ்விடத்தில் நம் பிழை ஒன்றையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். பணி கற்ற நாட்களில் இத்தகைய சிறு நிரல் ஒன்றைப் பயிற்சிக்காக எழுதினோம். தொட்ட பக்கத்தைப் படியெடுத்தோம். பிறகு அதன் புள்ளியை அழித்தோம். படியெடுத்த பிறகுதானே அழிக்க வேண்டும், இதில் என்ன தவறு என்று தோன்றும். சோதனைப் பொறி புது இடத்திற்கு நலமாகச் சென்றது, எல்லாம் ஓடிற்று. மூன்று நாட்களுக்குப் பின் ஓர் அட்டவணையின் கூட்டுத்தொகை மட்டும் ஒத்து வரவில்லை. இரு வாரம் தேடினோம். படியெடுத்து முடித்ததற்கும் புள்ளியை அழித்ததற்கும் இடைப்பட்ட ஒரு நுண்கணத்தில் அப்பக்கத்தில் மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது. அப்புது எழுத்துக்குரிய புள்ளியையும் சேர்த்து அழித்துவிட்டோம். சரியான முறை அதற்கு நேர் மாறானது. முதலில் புள்ளியை அழித்து முத்திரையை மீண்டும் இட வேண்டும். அதன் பின்னரே படியெடுக்க வேண்டும். இடையில் எழுதினால் மறுபடியும் புள்ளி விழும். அப்பக்கம் இன்னொரு முறை போகும். ஒரு பக்கம் இருமுறை போவதால் நட்டமில்லை. போகாமல் விடுபட்டாலோ பொறி நிற்பதில்லை, கூச்சலிடுவதில்லை. பழைய எண்ணை வைத்துக்கொண்டு புது வீட்டில் அமைதியாகக் கணக்குப் போடும். வங்கிப் பொறியாயிருந்தால், யாருடைய எண்பது ரூபாய் என்று யாருக்கும் தெரியாது.

இனிக் கணக்கிற்கு வருவோம். நொடிக்கு 1.25 ஜிகாபைட் செல்லும் கம்பியில் 16 ஜிகாபைட் செல்ல ஏறத்தாழ 14 நொடி ஆகும். பொறி நொடிக்கு 25,000 பக்கங்களைத் தொடுவதாகக் கொள்வோம். அந்த 14 நொடியில் சுமார் 1.4 ஜிகாபைட் மாறியிருக்கும். அதை அனுப்ப ஒரு நொடிக்குச் சற்று மேல். அதற்குள் மாறுவது 115 மெகாபைட். அதற்கு அடுத்த சுற்றில் 9 மெகாபைட் மட்டுமே. அப்போது பொறியை ஒரு கணம் நிறுத்தி, எஞ்சியதை அனுப்பி, புது இடத்தில் எழுப்பிவிடலாம். ஸ்டான்போர்டில் 1985இல் தியமர், லாண்ட்ஸ், செரிடன் ஆகியோர் விவரித்த முறை இதுவே. 2003இல் விஎம்வேர் நிறுவனம் ஓடும் மெய்நிகர் பொறியை இடம் மாற்றும் வசதியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2005இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் கிளார்க்கும் துணைவரும் ஒரு விளையாட்டுப் பொறியை, பலர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, 60 மில்லி நொடி இடைவெளியில் மாற்றிக் காட்டினர். கண் இமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று நம் இலக்கணம் வகுத்தது. இவ்விடைவெளி அதனினும் குறைவு.

எல்லாப் பொறியும் இவ்வளவு சாதுவாயிருப்பதில்லை. நொடிக்கு 4,00,000 பக்கங்களைத் தொடும் பெருந்தரவுப் பொறி 1.6 ஜிகாபைட்டை மாற்றிவிடுகிறது, கம்பியோ 1.25தான் சுமக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதைதான்! அப்போது பொறியின் ஓட்டத்தையே மட்டுப்படுத்துவர். கியூஈமு என்னும் மென்பொருள் முதலில் செயலி நேரத்தில் 20 விழுக்காட்டைக் குறைக்கும். போதாதெனில் பத்துப் பத்தாகக் கூட்டும். பொறியைப் பயன்படுத்துவோர், 'ஏன் இன்று மந்தமாயிருக்கிறது?' என்று நொந்துகொள்வர். முதலில் பொறியை மாற்றிவிட்டுப் பக்கங்களைப் பின்னர் வேண்டும்போது வரவழைக்கும் முறையும் உண்டு. ஆனால் பாதி வழியில் கம்பி அறுந்தால் பழைய வீடும் நிறைவில்லை, புது வீடும் நிறைவில்லை. நம் கருத்தில், மந்தமே மேல்.

இன்னும் ஒரு தொல்லை. வலையமைப்பு அட்டை போன்ற சில கருவிகளை மெய்நிகர் பொறிக்கு நேரடியாகக் கொடுத்துவிட்டால், அவை செயலியைக் கேளாமலே நினைவகத்தில் எழுதும். வாசலில் முத்திரையுடன் காவலன் நிற்க, கொல்லைப்புறமாக மூட்டை இறங்குவது போன்றது இது. அவ்வெழுத்துகளையும் குறித்துக்காட்டும் வன்பொருள் அண்மையில்தான் வரத் தொடங்கியது. அவ்வசதி இல்லாத இடங்களில் இத்தகைய பொறிகளை ஓட்டத்திலேயே இடம் மாற்றத் துணிவாரில்லை.

தாயாரின் பேரனுக்கு வருவோம். பெரும்பாலான இடமாற்றங்கள் தாமாகவே நடந்தேறும். எவரும் காவல் இருப்பதில்லை. அன்று அவன் கையில் இருந்ததோ அமெரிக்காவிலுள்ள ஒரு பெருந்தரவுப் பொறி. நமக்குப் பொங்கற் காலை, அங்கோ இரவு; பயன்படுத்துவோர் குறைந்த நேரம் அதுவே. சுற்றுக்குச் சுற்று எஞ்சிய பக்கங்கள் குறையாமல் நின்றன. ஓட்டத்தை இன்னும் குறைப்பதா, முயற்சியைக் கைவிட்டுப் பழைய இடத்திலேயே ஓடவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவன் அவன் ஒருவனே. குறைத்தான், நாற்பது நிமிடத்தில் பொறி புது இடத்தில் எழுந்தது. கணக்குகள் ஒத்திருப்பதைச் சரிபார்த்துவிட்டு அவன் வாசலுக்கு வந்தபோது, பாட்டி அவன் பங்குப் பொங்கலை மூடி வைத்திருந்தார்.