காகம் கத்தினால் கத்தட்டும்

காணொளிப் பயிற்சிக் குழுவினர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை



கல்லூரியின் நினைவுகளைக் காணொளியாகப் பதிவு செய்வதென்று சங்கம் தீர்மானித்தபோது, அதற்கான பயிற்சி வகுப்பை நடத்த முன்வந்தவர்கள் நாங்கள். 19 பேர் சேர்ந்தார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கைமாரும் இருந்தார்கள். வட்ஸ்அப் திறக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் இருந்தார்கள்.

முதல் நாள் நாங்கள் செய்தது பிழை. மடிக்கணினிகளை அடுக்கி வைத்து, படத்தொகுப்பு மென்பொருளில் தொடங்கினோம். அரை மணித்தியாலத்தில் தங்கைமாருக்குச் சலிப்பு. மூத்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னேரம் ‘தெரிந்தவர்கள்’, ‘தெரியாதவர்கள்’ என்று இரண்டு அறைகளாகப் பிரித்தோம். அது அதைவிடப் பெரிய பிழை. அடுத்த கிழமை மூத்த ரீச்சர் ஒருவர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டோம். “என்னாலை மற்றப் பிள்ளையளுக்கும் சுணக்கம். நீங்கள் நடத்துங்கோ” என்றார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, கல்லூரியின் பழைய சேர்விடாப்பைச் சேலையில் சுற்றி எடுத்துப் போனவர் அவர். யாருடைய ஞாபகத்துக்காக வகுப்பைத் தொடங்கினோமோ, அவரையே வகுப்பு வெளியே அனுப்பிவிட்டது.

பாடத்திட்டத்தைத் திருப்பி எழுதினோம். மென்பொருள் கடைசிக்குப் போனது. அவரவர் கைத்தொலைபேசியே போதும். வில்லையைத் துடை, அழைப்பு வராமல் விமானநிலைக்கு மாற்று, கிடையாகப் பிடி, பேசுபவரின் முகத்தில் யன்னல் வெளிச்சம் விழட்டும். முதல் நாளுக்கு இவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே வேலை: ஒருவரிடம் ஒரு கேள்வி, ஒரு நிமிடப் பதில். வெட்டாமல் ஒரே காட்சியாக எடுத்தாலும் அது முடிந்த படம். இயலுமானவர் மூன்று காட்சிகளை ஒட்டலாம். இன்னும் இயலுமானவர் இரண்டாவது போனைப் பேசுபவரின் மடியில் வைத்துக் குரலைத் தனியே பதியலாம். தொடங்கும்போது ஒருமுறை கைதட்டினால் பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்துவது சுகம்.

மூன்று பேர் ஒரு குழு. கேட்பதும் எடுப்பதும் தொகுப்பதும் முறை மாறி வரும். உதவி செய்பவர் மற்றவரின் போனைத் தொடக் கூடாது, வாயால் மட்டும் சொல்லலாம். தங்கைமாருக்கு இதுதான் பெரிய தண்டனை!

அப்போதுதான் இன்னொன்றைக் கண்டோம். விரல் விரைவாக ஓடும் பிள்ளைகள் பதில் முடியுமுன் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். மௌனம் வந்தால் வெட்டிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். வகுப்பறையில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்து பழகிய ரீச்சர்மாரோ அசையாமல் இருந்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் நல்ல பதில்கள் வந்தன. எங்கள் இரண்டு அறைகளில் யார் எந்த அறை என்று இப்போது சொல்ல எங்களுக்கே வெட்கம்.

வெளிநாட்டிலிருந்து பதிவு அனுப்பும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வட்ஸ்அப்பில் வழமைபோல் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

ரீச்சரிடம் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். திரும்பி வந்தார். தன் குழுவிலிருந்த தங்கைக்குச் சேர்விடாப்பின் கதையைச் சொன்னார். நடுவில் ஒரு காகம் விடாமல் கத்துகிறது. பிறகு அந்தப் படத்தைத் தன் கையாலேயே தொகுத்தார். அந்த இடத்தை நீக்குவோமா என்று கேட்டோம். “கத்தினால் கத்தட்டும். அண்டைக்குப் பாலத்திலை ஒரு குருவிச் சத்தமும் கேக்கேல்லை” என்றார்.

நான்கு நிமிடப் படம். தேநீருக்குப் பின் மண்டபத்தில் காட்டுகிறோம். ரீச்சர் முன் வரிசையில் இருப்பார்.