பழுவேட்டரையர் யாராக இருந்தால் நமக்கென்ன?



'பொன்னியின் செல்வன்' படம் 2022இல் வந்த பிறகு, பழுவேட்டரையர் எங்கள் சாதிதான் என்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு உரிமை கொண்டாடுகிறார்கள். பழுவூர் நம் அரியலூர் மாவட்டத்தில் இருப்பதால் இந்தச் சண்டையும் இங்கே கூடுதல். அவர்கள் என்ன சாதி என்பது எனக்கு முக்கியமில்லை. எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்ப்போம்.

அவர்கள் பேரரசர்கள் அல்லர். சோழருக்கு அடங்கிய குறுநிலத் தலைவர்கள். வேளூர்ப் போரில் முதலாம் பராந்தகனுக்காகப் போரிட்டார் கண்டன் அமுதன். தங்கள் வீட்டுப் பெண்ணையும் பராந்தகனுக்குக் கொடுத்தார்கள். அவள் பெற்ற மகன்தான் அரிஞ்சயன் என்கிறது அன்பில் செப்பேடு. கோயில் கட்டினார்கள், நிலம் ஆண்டார்கள். இராசேந்திரன் காலத்தோடு கல்வெட்டுகளில் அவர்கள் பேச்சே அடங்கிவிட்டது. மேலே இருப்பவனுக்குப் பணிவு, கீழே இருப்பவன்மேல் அதிகாரம். இதுதான் சிற்றரசன் வாழ்க்கை.

அகஸ்டஸ் கால ரோமாபுரியிலும் சின்னப் பிரபுக்கள் இப்படித்தான். பொழுது விடிந்ததும் பெரிய மனிதர் வீட்டு வாசலில் போய் வணக்கம் வைக்க வேண்டும். தன் வீட்டிலோ அடிமைகள். அது கொடுமையான சமூகம்தான். ஆனாலும் அடிமையாக இருந்து விடுதலையான ஒருவரின் மகன் ஹொரேஸ், படை அதிகாரியாகவும் பெருங்கவிஞராகவும் ஆக முடிந்தது. அடிமைத்தளையை அறுக்க அங்கே சட்டத்தில் ஒரு வழி இருந்தது. பிறப்பால் ஒட்டிய தீண்டாமையை அறுக்க இங்கே என்ன வழி இருந்தது?

இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கைப் படியுங்கள். கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள்: பறைச்சேரி, தீண்டாச்சேரி. சுடுகாடுகூட வெள்ளாளருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று. பழுவேட்டரையர் பெயர் கல்லில் இருக்கிறது. அவர்கள் சாப்பிட்ட நெல்லை விளைவித்தவர்களுக்குப் பெயர் இல்லை. சேரி மட்டும் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதான். ஒவ்வொருவனுக்கும் மிதிக்க இன்னொருவன் இருப்பதால், தன்னை மிதிக்கும் காலை யாரும் தட்டிவிடுவதில்லை. 'ஆண்ட பரம்பரை' என்று பேனர் வைக்கும் தம்பியும் அந்தப் படியில்தான் நிற்கிறான். கூலி வேலைக்குப் போகும் அவன் அப்பாவுக்கு அந்தப் பரம்பரை ஒரு காணி நிலமும் தரவில்லை. பக்கத்துத் தெருவை இளக்காரமாகப் பார்க்க மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் எத்தனை சுடுகாடு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு இருந்தால், இராசராசன் காலத்துக் கணக்கு இன்னும் முடியவில்லை. அதை ஒன்றாக்கப் போராடுவோம். பிறகு பேசலாம், ஆண்டவர் யார் என்று.

ஜெய்பீம்!