களையும் பயிரும்: மரண தண்டனையும் கிறிஸ்தவ மனச்சாட்சியும்



மரண தண்டனையைப் பற்றிக் கிறிஸ்தவ மதம் யாது கூறுகின்றது எனப் பேசும்படி எம்மைப் பணித்தீர்கள். ஒரு வசனத்தில் மறுமொழி பெற்றுச் செல்லலாமென்று வந்தோர் ஏமாற்றமடைவர். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிறிஸ்தவர்கள் இப்பொருளில் ஒரே குரலிற் பேசியதில்லை. ஒரே வேதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு தூக்குமரத்தை நாட்டினோரும் உளர். அதை வெட்டி வீழ்த்த முயன்றோரும் உளர். எம் கட்சி எதுவென்பதை நாம் மறைக்கப் போவதில்லை. எனினும் எதிர்க்கட்சியாரின் நியாயத்தை முதலிற் கேட்டல் முறையன்றோ?

இம்மண்டபத்தில் கமஞ்செய்வோர் பலர் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் வயலிலிருந்தே தொடங்குவோம். செங்கோன்மை கூறும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, கொலைபுரியும் கொடியோரை வேந்தன் தண்டிப்பதைப் பசும்பயிரைக் காக்கக் களை பிடுங்குவதற்கு ஒப்பிடுகின்றார். அதே உவமையை இயேசுநாதரும் எடுத்தாள்கின்றார், முடிவோ நேர்மாறானது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில், கோதுமை வயலிற் பகைவனொருவன் இரவோடிரவாகக் களையை விதைத்துச் செல்கின்றான். பிடுங்கி எறியட்டுமா எனக் கேட்கும் வேலையாட்களை வயலுக்குடையவன் தடுத்துவிடுகின்றான். களையோடு பயிரும் வேரற்றுப் போகும் என அஞ்சி, அறுவடைவரை இரண்டையும் விட்டுவைக்கச் சொல்கின்றான். களை பிடுங்காத வயல் விளையுமா எனக் கமக்காரர் நகைப்பர். ஆனால் அவ்வுவமை குறிக்கும் களை, கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே தோன்றும் ஒரு புல்வகை. நெல்லோடு நெல்லாய் நின்று கண்ணை ஏமாற்றும் புல்லை அறிந்தவர்களுக்கு அவ்வயற்காரனின் அச்சம் நன்கு விளங்கும்.

அவ்வுவமை இறுதி நியாயத்தீர்ப்பைப் பற்றியது, நீதிமன்றத்தைப் பற்றியதன்று என்று மறுப்போர் உண்டு. மறுப்பு வலிதே. எனினும் திருச்சபையின் ஆசிரியர்களே இதனை உயிர்த்தண்டனையோடு பொருத்தி வாதிட்டிருக்கின்றனர். யோவான் கிறிசோஸ்தோம் இவ்வுவமையைக் கொண்டே, மதப்புரட்டரைக் கொல்லலாகாது என்றார். 13ஆம் நூற்றாண்டிலிருந்த தோமஸ் அக்குவினாஸோ, பயிருக்குத் தீங்கு நேராதவிடத்துக் களையைப் பிடுங்குதல் தகும் என்றார். அழுகிய உறுப்பை வெட்டியெறிந்து உடலைக் காப்பதுபோல, சமுதாயத்துக்கு ஆபத்தானவனைக் கொன்று பொதுநலத்தைக் காப்பது போற்றத்தக்கது என்பது அவர் துணிபு. மேற்றிசைத் திருச்சபை பல நூற்றாண்டு காலம் இக்கருத்தின்மேலேயே நின்றது.

வேத வசனங்களை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். மனிதனின் இரத்தத்தைச் சிந்தியவனின் இரத்தம் மனிதனாலேயே சிந்தப்படும் என ஆதியாகமத்தின் 9ஆம் அதிகாரம் கூறுகின்றது. ஆயின் அதே நூலின் 4ஆம் அதிகாரத்தில், உலகின் முதற் கொலைஞனாகிய காயினை எவரும் கொன்றுவிடாதபடி கடவுளே அவன்மேல் அடையாளமிட்டுக் காக்கின்றார். அதிகாரி வாளை வீணே தாங்கவில்லை எனப் பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதினார். அதனை அவர் எழுதியபோது உரோமில் ஆண்டவன் நீரோ மன்னன்! பின்னர் அவ்வாளுக்கே பவுலும் இரையானார் என்பது சபையின் பாரம்பரியம். வசனத்துக்கு வசனம் காட்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். ஆகவே வசனத்தை விட்டு, கொலையுண்டவனின் பக்கத்திலே நின்ற ஒரு கிறிஸ்தவன் என்ன செய்தான் என்பதைப் பார்ப்போம்.

வட ஆபிரிக்காவில் மேற்றிராணியாராயிருந்தவர் அகுஸ்தீன். அரசுக்குக் கொல்லும் அதிகாரம் இல்லையென்று அவர் ஒருபோதும் வாதிட்டதில்லை. ஏறக்குறைய 412ஆம் ஆண்டில், அவருடைய குருமாருள் ஒருவரைப் பிரிவினைக் கட்சியார் கொன்றனர். மற்றொருவரின் கண்ணைத் தோண்டி விரலையும் வெட்டினர். குற்றவாளிகள் பிடிபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். சாட்சியிலே ஐயமில்லை, சட்டத்திலும் ஐயமில்லை. அவ்வேளையில் அகுஸ்தீன், விசாரணை செய்த மார்செல்லினுஸ் என்னும் அதிகாரிக்கு நிருபம் எழுதினார். செய்த கொடுமைக்கு அதே கொடுமையைத் திருப்பிச் செய்ய வேண்டாம், உயிரையும் உறுப்பையும் போக்காமல் அவர்களைப் பயனுள்ள வேலையில் அமர்த்துங்கள் என்று மன்றாடினார். இம்மன்றாட்டைப் பேதைமை என்று சொல்லத் துணிவோர், இழந்தவர் அவரே என்பதை நினைக்கவேண்டும்.

கதை அத்துடன் முடியவில்லை. நேர்மையாளரென்று பெயரெடுத்த அதே மார்செல்லினுஸ், மறு ஆண்டே ஒரு கலகத்தில் உடந்தையாயிருந்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருக்காகவும் அகுஸ்தீன் மன்றாடினார்; பயனில்லை. மன்னன் பின்னர் அவருடைய நற்பெயரை மீட்டுக்கொடுத்தான். தலையை மீட்டுக்கொடுக்க எந்த மன்னனால் முடியும்? அக்குவினாஸ் விதித்த நிபந்தனையை இவ்விடத்தில் நினைவுகூருங்கள். பயிருக்குத் தீங்கு நேராது என்று எந்த நீதிமன்றம் உறுதிகூறும்? இலண்டனில் தன் குழந்தையைக் கொன்றானென்று திமோதி எவன்ஸ் என்பவன் 1950இல் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கெதிராகச் சாட்சி கூறிய, அதே வீட்டில் வசித்த கிறிஸ்டி என்பவன் பலரைக் கொன்றவன் என்பது 1953இல் வெளியாயிற்று. எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டதோ 1966இல்!

கிறிஸ்தவர் என்ற வகையில் நாம் வெட்கித் தலைகுனியவேண்டிய பக்கங்களும் உள. பாப்பரசரின் ஆட்சிக்குட்பட்டிருந்த இத்தாலிய நாட்டிலே, புகாட்டி என்னும் ஒரே அலுகோசு 1796 தொடக்கம் 1864 வரை 516 பேரின் உயிரைப் போக்கினான். ஐந்து சிலிங் பெறுமதியான பொருளைக் கடையிலே திருடியவனைத் தூக்கிலிடுவதை நிறுத்தும் மசோதா 1810இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபைக்கு வந்தபோது, அதை எதிர்த்து வாக்களித்தோருள் கன்ரபரி அதிமேற்றிராணியாரும் வேறு ஆறு மேற்றிராணிமாரும் இருந்தனர். ஐந்து சிலிங்! அம்மேற்றிராணிமாரிடம் வசனங்களுக்குக் குறைவிருக்கவில்லை.

காலம் மாறிற்று. 1965இல் கொலைக்குற்றத்துக்கான தூக்குத் தண்டனையை இங்கிலாந்து நிறுத்தியபோது, கன்ரபரி அதிமேற்றிராணியார் ராம்சி அதற்கு ஆதரவாக நின்றார். வத்திக்கான் தன் சொந்தச் சட்டத்திலிருந்த மரண தண்டனையை 1969இல் நீக்கியது. இத்தண்டனைக்கு அவசியம் நேருவது மிக அரிது, இல்லையென்றே கூறலாம் என்ற நிலைக்கு 1995இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வந்தார். 2018 ஓகஸ்டில் பாப்பரசர் பிரான்சிஸ் கத்தோலிக்க மறைக்கல்வி நூலையே திருத்தி, அது ஏற்கத்தகாதது என எழுதுவித்தார். எல்லாரும் இணங்கிவிட்டனர் என்று கருதவேண்டாம். அமெரிக்காவின் தென்பகுதி பப்ரிஸ்து மாநாடு 2000ஆம் ஆண்டில் மரண தண்டனையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர்களும் வேதத்தை நேசிப்பவர்களே. கொலையுண்டவனின் உயிருக்கு மதிப்புக் கொடுப்பதாலேயே கொலைஞனின் உயிரைக் கேட்கிறோம் என்பது அவர்கள் வாதம். அதைப் பழிவாங்கும் வெறி எனத் தள்ளிவிடுவது நியாயமன்று.

இனி எம் நாட்டிற்கு வருவோம். 1956இல் பதவியேற்ற பண்டாரநாயக்கா அரசாங்கம் மரண தண்டனையை நிறுத்திவைத்தது. 1958இல் அதற்குச் சட்டமும் இயற்றியது. நோர்வல் மொறிஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, அத்தண்டனையை மீண்டும் கொண்டுவர வேண்டியதில்லை என 1959இல் அறிக்கை செய்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி பிரதமரைச் சோமராம தேரர் சுட்டார். மறுநாள் பிரதமர் இறந்தார். தம்மைச் சுட்டவன்மேல் இரக்கங் காட்டுங்கள், பழிவாங்க வேண்டாம் என மரணப்படுக்கையிலிருந்து அவர் மக்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு முடியுமுன்னரே நிறுத்தச் சட்டம் நீக்கப்பட்டது. முன்னர் நிகழ்ந்த கொலையையும் பற்றும்படி புதிய சட்டம் பின்னோக்கி நீட்டப்பட்டது. சதிக்கு அது பொருந்தாதெனக் கண்டமையால், சூழ்ச்சியின் தலைவரான புத்தரக்கித்த தேரருக்கும் ஜயவர்த்தனாவுக்கும் மேன்முறையீட்டில் ஆயுட் சிறையாயிற்று. சுட்ட சோமராமர் மட்டும் 1962 யூலை 6ஆந் திகதி தூக்கிலிடப்பட்டார்.

காவியைக் களைந்த அவர், சாகுமுன் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். அக்குவினாஸ் வேறோரிடத்திற் கூறிய நியாயத்துக்கு இது சான்றாகும் எனச் சிலர் மகிழக்கூடும். மரணம் எதிரே நிற்கையில் மனந்திரும்பத் தருணம் கிடைக்கின்றது, அப்போதும் திரும்பாதவன் என்றுமே திரும்பான் என்பது அந்நியாயம். எமக்கு அதில் மகிழ்ச்சியில்லை. அம்மனமாற்றம் மெய்யானால், அன்று நாம் பிடுங்கியது களையையா, பயிரையா? மெய்யன்று, அச்சத்தால் வந்ததே என்றால், அதைச் சோதித்தறியக் காலமொன்றே கருவி. அக்காலத்தையே நாம் அறுத்துவிட்டோம். வயலிலே களை ஒருநாளும் பயிராவதில்லை. மனிதன் மாறுவான் என்று கூறித்தானே எம் குருமார் சிறைச்சாலைக்குட் செல்கின்றனர்? ஒரு கையால் ஞானஸ்நானம் கொடுத்து மறு கையால் அலுகோசிடம் ஒப்படைப்பது எந்தச் சுவிசேஷம்?

1976 யூன் மாதத்தின் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் சட்டம் ஏட்டிலே இருக்கின்றது. 2019இல் சனாதிபதி சிறிசேன போதைவஸ்துக் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணைகளிற் கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் தடையுத்தரவு விதித்தபடியால் கயிறு நின்றது. அந்நாட்களில் தேவாலய வாசலிலே நின்று, தூக்குங்கள் என்றவர்களும் எம்மவரே. அவர்களில் எவரேனும் இங்கு வந்திருந்தால் எழுந்து பேசும்படி வேண்டிக்கொள்கின்றோம். மறுமொழி கூறக் காத்திருக்கின்றோம்.