இளவேனிலுக்கு ஒரு படிப்புப் பட்டியல்



மார்கழி பிறந்தால் என்ன படிக்க வேண்டும் என்று தமிழகத்தில் எவரும் எவரையும் கேட்பதில்லை. நாளுக்கொன்றாக முப்பது பாசுரங்களை ஆண்டாள் வகுத்து வைத்துவிட்டாள். கார்காலத்தை நினைப்பவர்க்குப் பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டும், கீழ்க்கணக்கில் மதுரைக் கண்ணங்கூத்தனாரின் கார் நாற்பதும் இருக்கின்றன. கூதிருக்கு நக்கீரரின் நெடுநல்வாடை உண்டு. இளவேனிலுக்கு? அப்பருவத்துக்கே உரியதாய் அமைந்த தனிநூல் பாட்டிலும் இல்லை, தொகையிலும் இல்லை, கீழ்க்கணக்கிலும் இல்லை. ஐங்குறுநூற்றில் ஒரு பத்து, கலித்தொகையில் சில பாடல்கள், சிலப்பதிகாரத்தில் ஒரு காதை என்று அது சிதறிக் கிடக்கிறது. ஆதலால் இளவேனிற்குரிய பட்டியலைப் படிப்பவரே தொகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொகுக்காமல் விட்டதன் விளைவு இன்றைய கவிதையில் தெரிகிறது என்பதே இவ்வுரையின் கருத்து.

முதலில் பருவத்தை வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. தொல்காப்பியம் பாலைக்குப் பெரும்பொழுதாக வேனிலைக் கூறுகிறது. பின்பனியும் அதற்கு உரியது என்கிறது. சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் எனத் திங்கள் பிரித்துக் காட்டியவர்கள் உரையாசிரியர்கள். வடமொழி மரபின் வசந்தமும் சித்திரை, வைகாசி என்றே பெயர் பெறினும், அது சந்திரமான மாதங்களைக் கொண்டது. தமிழ்ச் சித்திரைக்குச் சற்று முன்னரே தொடங்கிவிடும். தமிழ் இளவேனிலோ ஏப்ரல் நடுவில் பிறந்து ஜூன் நடுவில் முடிகிறது. அக்கினி நட்சத்திரம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது! பூந்தமல்லியில் நண்பகலில் பேருந்துக்கு நின்றவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் புதுக்கவிதைகளில் வரும் வசந்தம் பெரும்பாலும் இந்த வெயிலை அறியாதது. பனி உருகுகிறது, புல்வெளி சிரிக்கிறது, காற்று குளிர்கிறது. இது ஆங்கிலப் பாடநூல் வழியாக வந்த வசந்தம். இன்னொரு வசந்தமும் உண்டு. 1967 ஜூலையில் நக்சல்பாரி எழுச்சியைப் பீக்கிங் நாளேடு 'வசந்தத்தின் இடிமுழக்கம்' என்று வருணித்தது. எழுபதுகளின் முற்போக்குக் கவிதைகளில் வசந்தம் என்ற சொல் வரவிருக்கும் சமுதாய மாற்றத்தின் பெயராயிற்று. அதனைக் குறைகூறுவதற்கில்லை, ஒரு தலைமுறையின் நம்பிக்கை அச்சொல்லில் இருந்தது. ஆனால் முதலாவது வசந்தம் குளிர்நாட்டினது. இரண்டாவதற்கு நிலமே இல்லை. இரண்டிலும் வேப்பம்பூ உதிர்வதில்லை.

சங்கப் பாடல்களின் இளவேனில் மகிழ்ச்சிக்குரிய பருவமன்று. ஓதலாந்தையார் பாடிய இளவேனிற் பத்து (ஐங்குறுநூறு 341 முதல் 350 வரை) பத்தும் ஒரே அடியால் தொடங்குகிறது. வருவேன் என்று பருவங்குறித்துச் சென்றவர் வரவில்லை. குறித்த பருவம் மட்டும் வந்துவிட்டது என்பது அதன் பொருள். மற்றை இரண்டு அடிகளில் பருவத்தின் அடையாளம் ஒன்று. குயில், நுணவம், கோங்கம், குரவம், அதிரல், பாதிரி, புன்கு, மராம், மா, வேம்பு எனப் பத்துப் பாடல்களுக்குப் பத்து அடையாளங்கள். பூக்கள் மிகமிக ஏக்கமும் மிகுகிறது. பூத்தது என்பதே புகாராகிவிடுகிறது. வாராத ஒன்றைக் காட்டிக்கொடுக்கும் பருவமாக இளவேனிலைக் கண்ட இந்தப் பார்வை, வசந்தம் வரும் வரும் என்று எழுதிக் காத்திருந்த எழுபதுகளின் கவிஞர்களுக்குக் கைகொடுத்திருக்கக்கூடும். அவர்களுட் பலர் ஐங்குறுநூற்றைத் தேர்வுக்கன்றிப் படித்திருக்க வாய்ப்பில்லை. (தமிழாசிரியர்கள் அதனைத் தேர்வுக்காக மட்டும் நடத்தியதும் ஒரு காரணமாகலாம்.)

பருவத்துக்கென ஒரு நூலைக் குறித்துப் படிக்கும் வழக்கம் தொண்டை நாட்டுக்குப் புதிதன்று. திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில்தோறும் வேனிற்காலத்தில் பாரதம் படிக்கிறார்கள். அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் நாட்கள் அவை. பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாடலைச் சொல்லிப் பொருள் விரிப்பார். படித்த பகுதியை இரவில் தெருக்கூத்துக் கலைஞர்கள் ஆடிக் காட்டுவார்கள். மண்ணால் பெரிய உருவமாய்க் கிடத்திய துரியோதனனின் படுகளத்தோடும் தீமிதியோடும் விழா முடியும். ஆல்ஃப் ஹில்டபைட்டல் இவ்வழிபாட்டைக் குறித்து 1988-இலும் 1991-இலும் இரு பெருந்தொகுதிகள் எழுதியுள்ளார். இவ்விழாவுக்கு ஊர்மக்கள் இட்ட பெயர் 'அக்கினி வசந்த விழா'. நெருப்பையும் வசந்தத்தையும் ஒரே சொற்றொடரில் சேர்த்த இப்பெயரை எந்தப் புலவரும் சூட்டவில்லை. சுவரொட்டியில் அச்சாகித் தெருவில் நிற்கிறது. தமிழ் இளவேனிலுக்கு இதனினும் பொருந்திய தலைப்புக் கிடைப்பது அரிது.

பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரை எடுத்துக்கொண்டாலும் இப்பருவத்தோடு ஓர் உறவு தெரிகிறது. குன்றத்தூர்ச் சேக்கிழார் தில்லையில் பெரியபுராணத்துக்கு விரிவுரை தொடங்கியது ஒரு சித்திரைத் திருவாதிரை. நிறைவு செய்தது அடுத்த ஆண்டின் சித்திரைத் திருவாதிரை. சேக்கிழார் புராணம் தரும் செய்தி இது. 4,000-க்கு மேற்பட்ட பாடல்களை ஓராண்டுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 11 அல்லது 12 பாடல் வரும். அவசரமில்லாத கணக்கு. இன்றைய பட்டியல்கள் முறிந்துபோவது இந்தக் கணக்கை மறப்பதால்தான். சித்திரை முதல் நாளில் ஐம்பது நூல்களின் பெயரை எழுதுவார்கள். வைகாசி முதல் நாளில் அத்தாள் எங்கே என்று தேடுவார்கள்.

பட்டியலின் நீளம் எதற்கும் சான்றாகாது என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' காட்டும் நிகழ்ச்சியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1880 அக்டோபர் 21. கும்பகோணத்தில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று வினவுகிறார். கல்லூரி ஆசிரியராகிய சாமிநாதையருக்கு அப்போது வயது 25. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என ஒப்பிக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவரின் பட்டியல் குறுகியதாக இருக்க முடியாது. கேட்டவர் வியக்கவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று மட்டும் கேட்கிறார். அந்நூல்களை அவர் அதுவரை கண்ணாலும் கண்டதில்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்து 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1898-இல் மணிமேகலையும், 1903-இல் ஐங்குறுநூறும் பதிப்பாகி வந்தன. படித்தவற்றின் வரிசையைக் காட்டிலும் படிக்காத மூன்று பெயர்கள் தமிழுக்கு மிகுதியாகப் பயன்பட்டன. கவிஞர் ஒருவர் தம் பட்டியலை எழுதத் தொடங்குகையில், படித்தவற்றைக் குறிக்காமல், பெயரளவில் மட்டும் அறிந்தவற்றை முதலில் எழுதிப் பார்ப்பது நல்லது. சற்று நாணம் வரும், வரட்டும்.

இனி 62 நாட்களுக்குரிய பட்டியல். சித்திரையின் முதற் பத்து நாளுக்கு இளவேனிற் பத்து. நாளுக்கு ஒரு பாடல், மூன்றே அடி. இது போதுமா என்று தோன்றும். மூன்றடியைப் படித்துவிட்டு அதில் வரும் மரத்தைத் தேடிப் புறப்பட்டால் ஒரு நாள் போதாது. அதனை அடுத்துப் பாலைக்கலி. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பெயரால் வழங்கும் 35 பாடல்களையும் எடுத்துக்கொண்டால் பட்டியல் அங்கேயே நின்றுவிடும். வையையும் காமன் விழாவும் குயிலும் வருகிற, தலைவன் குறித்த இளவேனிலைத் தலைவி எண்ணிப் பார்க்கிற பாடல்களாகப் பத்தைத் தெரிந்தெடுத்து, நச்சினார்க்கினியர் உரையோடு படித்தால் போதும். ஐங்குறுநூற்றின் மூன்றடியில் அடங்கியது கலிப்பாவின் துள்ளலில் எவ்வாறு விரிகிறது என்பதைக் காண்பது யாப்பைக் கைவிட்டவர்களுக்கும் பயன்தரும். கைவிட்டவர்களுக்கே மிகுதியும் பயன்தரும் எனலாம்.

பட்டியலில் நின்று நிதானிக்க வேண்டிய இடம் சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை. தமிழகத்தின் எல்லை கூறித் தொடங்கும் காதை இது. இளவேனில் வந்ததும் மாதவி, பிரிந்து சென்ற கோவலனுக்குக் கடிதம் எழுதுகிறாள். தாழை மடல் ஏடு. பித்திகை அரும்பு எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பு மை. வசந்தமாலை அதனைக் கூலமறுகில் கோவலனிடம் கொடுக்க, அவன் வாங்க மறுக்கிறான். பெரும்பாலோர் இங்கேயே நூலை மூடிவிடுகிறார்கள். அவ்வாறு செய்தால் பாதிக் கதைதான் கைக்கு வரும். ஐந்து காதைகள் கடந்து, மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகமாணி வழியாக மாதவியின் இரண்டாவது கடிதம் வருகிறது. அதில் பூ இல்லை. பருவ வருணனை இல்லை. பிழை பொறுக்க வேண்டும் வேண்டுகோளும், பெற்றோரைப் பிரிந்து இரவோடிரவாகச் சென்றதற்குத் தன் தவறு என்ன என்ற கலக்கமும் இருக்கின்றன. அதைப் படித்த பின்னரே கோவலன் அவள்மேல் குற்றமில்லை என்று தெளிகிறான். அவ்வோலையையே தன் பெற்றோர்க்கும் அனுப்புகிறான். மலரால் எழுதியது மறுக்கப்பட்டது. மலரின்றி எழுதியது சென்று சேர்ந்தது. இவ்விரு கடிதங்களையும் அடுத்தடுத்த நாளில் படிப்பது கவிதை எழுதுவோர்க்கு எந்தப் பயிலரங்கும் தராத பாடம். இளங்கோவடிகள் இதைப் பற்றி ஒரு சொல்லும் விளக்காமல் விட்டிருக்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது.

நாச்சியார் திருமொழியின் முதற்பத்தில் தைத் திங்களில் தொடங்கிக் காமனை நோற்கும் ஆண்டாளும், ஐந்தாம் பத்தில் குயிலிடம் தூது வேண்டும் ஆண்டாளும் திருப்பாவை ஆண்டாளிலிருந்து வேறுபட்டவர்கள். மார்கழியில் மட்டும் அவளைக் காண்பவர்கள் வேனிலிலும் ஒருமுறை காண வேண்டும். குயிலோடு நின்றுவிடாமல் பாரதியின் குயில் பாட்டுக்குச் செல்வது இயல்பு. புதுவையின் மாஞ்சோலையும் வேனிற் பகலும் அங்கே இருக்கின்றன. எல்லாம் கனவென்று முடிந்தபின் வேதாந்தப் பொருள் தேடச் சொல்லிக் கண்சிமிட்டும் பாரதியும் இருக்கிறான். ஒப்பிட விரும்புவோர் காளிதாசனின் ருதுசங்காரத்தை மொழிபெயர்ப்பில் பார்க்கலாம். ஆறு பருவங்களை வேனிலில் தொடங்கி வசந்தத்தில் முடிக்கிறான் அவன்.

இவையெல்லாம் முப்பது முப்பத்தைந்து நாட்களில் முடிந்துவிடும். மீதி நாட்களில் ஒரு பகுதி, உடன் எழுதும் ஒருவரின் புதிய தொகுப்புக்கு. அன்பளிப்பாக வந்த படியாக அது இருத்தல் கூடாது; விலைகொடுத்து வாங்கியதாக இருத்தல் வேண்டும். அன்பளிப்புப் படிகள் பெரும்பாலும் முன்னுரையோடு நின்றுவிடுகின்றன என்பதைக் கவிஞர்கள் அறிவார்கள். எஞ்சிய நாட்களை வெற்றிடமாக விட்டுவிடலாம். படிக்கப் படிக்க ஏதேனும் ஒரு பெயர் வந்து அமரும்.

நூல் கிடைக்கவில்லை என்பது இன்று காரணமாகாது. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாய் வீட்டுவரியோடு நூலக வரி கட்டாத இல்லம் இங்கு இல்லை. கட்டிய வரிக்குக் கிளை நூலகத்தில் கேட்டுப் பெறலாம். எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா இருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களைக் கணினியில் இலவசமாகவே தந்திருக்கிறது.

பட்டியலை எழுதும் நாளும் முக்கியம். சித்திரையில் படிக்க வேண்டியதைச் சித்திரையில் தேடத் தொடங்கினால் வைகாசி வந்துவிடும். பூவிருந்தவல்லியென்று பெயர்கொண்ட இவ்வூரில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள், நந்தவனம் வளர்த்துக் கச்சிப் பேரருளாளனுக்கு மாலை கொண்டு சென்றார் என்பது வரலாறு. காலை மாலைக்குரிய பூவுக்குச் செடி பல திங்களுக்கு முன்னரே ஊன்றப்பட்டிருக்க வேண்டும். நம்பிகளின் திருநட்சத்திரம் மாசி மிருகசீரிடம். அந்நாளிலேயே பட்டியலை எழுதத் தொடங்குவது இவ்வூர்க்காரர்க்குப் பொருத்தமாக இருக்கும்.

ஓதலாந்தையாரின் பத்து அடையாளங்களில் பூந்தமல்லித் தெருக்களில் எளிதாய்க் காணக்கிடைப்பவை மூன்று மரங்கள். வேம்பு வீட்டுக்கு வீடு உண்டு. மாமரம் பழைய தோட்டங்களில் எஞ்சியிருக்கிறது. புன்கு என்பது சாலையோரத்துப் புங்கமரமே. பொரி சிதறினாற்போல் அதன் பூ உதிர்ந்து கிடப்பதை மிதித்துக்கொண்டுதான் எல்லோரும் நடக்கிறார்கள். குயில் கூவுவதும் கேட்கிறது. பாதிரிக்குத் திருப்பாதிரிப்புலியூர் வரை செல்ல வேண்டியிருக்கும். கோங்கத்தையும் மராத்தையும் கேட்டறிந்து தேடலாம். மகளிர் பாவையெனக் கொய்த குரவம்பூவையும், கூந்தலில் சூடிய அதிரலையும் கண்டவர் இந்த அவையில் எவரேனும் இருப்பின், வைகாசிக் கூட்டத்துக்கு ஒரு கிளை கொண்டுவர வேண்டுகிறது இவ்வுரை.